தப்பான இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஆட்டோ. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். முந்தின வாரம் சொட்டு மருந்துக்கு வந்த அதே ஆட்டோ, அதே குரல். சாலை விரிவாக்கம், பாதுகாப்பு மேம்பாடு, சமுதாயக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அனைவரும் வந்து தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம். குரல் என்னைக் கடந்து போய்த் தெருமுனையில் திரும்பி மறைந்தது. கையிலிருந்த பையை மதகுச் சுவரில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். என் கணவர் அந்தச் சாலையில் இறந்துபோய் இரண்டு அறுவடை முடிந்திருந்தது.

பூதலூர்ப் பக்கமிருந்து தஞ்சாவூர் போகிற வழிகளில் ஒன்று எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி நின்று வழிவிட வேண்டும். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். நான் பஸ்ஸில் போவேன், அவர் வண்டியில் போவார். எங்கள் இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள். படித்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆட்கள் நாங்கள். அவருடைய அண்ணன் மட்டும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி விவசாயத்திலேயே நின்றுவிட்டார்.

வண்டி ஓட்டுவதில் அவர் ரொம்ப நிதானம். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தினமும் காலையில் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பக்கத்து வீட்டுப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஹாரன் அடிக்கமாட்டார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும்.

டெல்டாவில் அறுவடைக் காலத்துச் சாலை பாதி சாலை, பாதி களம். மெஷின் அறுத்துக் கொட்டுகிற நெல் ஈரமாகத்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள்; கூடுதலாக இருந்தால் காயவைத்து எடுத்து வரச்சொல்லித் திருப்பிவிடுவார்கள். முன்பு களமாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது வீடு. வெயிலில் சூடேறிய தார்ச்சாலைதான் மிச்சம். பகலெல்லாம் சாலையில் பரப்பி, பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, காற்றில் தூக்காமல் சுற்றிலும் கல் வைப்பார்கள். இருட்டிவிட்டால் தார்ப்பாயும் சாலையும் ஒரே நிறம். கல்லும் அதே நிறம்தான். அவர் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. சின்ன வயதில் அவரும் அண்ணனும் அப்படி நெல்லுக்குக் காவல் படுத்தவர்கள். "சோறு காயுது, நாமதான் ஒதுங்கிப் போவணும்" என்பார்.

அன்று மாசி மாதத்துச் சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரம் கழிந்துவிட்டது. எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்திருக்கிறது. இவர் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்து எலும்பும் நெஞ்சும் தாங்கவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா, என்னைத் தாண்டி எதையாவது பார்த்தாரா என்று தெரியவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரம்.

பாலத்து வளைவில் வண்டி நிலைதடுமாறி விழுந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போலீஸிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. புகார் கொடுத்தது அவருடைய அண்ணன். காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போன முதல் வாரத்தில், பாலத்து வளைவுக்கு ரொம்ப தூரம் இப்பால், பனைமரங்கள் நிற்கிற நேர்ச்சாலையில், ஓரத்துப் புல்லில் ஆரஞ்சு நிறத்துக் கண்ணாடித் துண்டுகள் கிடப்பதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியின் இண்டிகேட்டர் உடைந்தால் அந்த நிறத்தில்தான் சிதறும். கண்டக்டர் நான் பார்ப்பதைப் பார்த்தார். டிக்கெட் கொடுக்கும்போது குனிந்து, "இங்கதாங்க விழுந்தாரு. எங்க வண்டிதான் அன்னிக்குப் பின்னாடி வந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த நேர்ச்சாலையில்தான் எங்கள் ஊர் முழுக்க நெல் காயவைக்கும். கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். பதில் சொல்கிறவரும் நானும் அதே ஊரில், அதே கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறி இறங்கவேண்டும். அந்தத் துணிவு அப்போது எனக்கு இல்லை. கண்ணாடித் துண்டுகள் அடுத்த மழைவரை அங்கேயே கிடந்தன.

கூட்டத்தன்று கல்லூரியில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், டீ கேன். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாலையின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஜனங்கள் அதன்முன் நெருக்கியடித்து நின்றார்கள். அவரவர் வீட்டைத் தேடினார்கள். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே வீடு வந்தவர்கள் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் மாட்டுக்கொட்டகை போகிறதா என்று பக்கத்தில் நின்ற யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

திட்டத்தை விளக்க வந்திருந்த இன்ஜினியர் ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவர். பொறுமையாகப் பேசினார். சாலை எவ்வளவு அகலமாகும், எங்கே வடிகால், எந்தெந்த மரம் போகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வரைபடத்தில் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். கடந்த ஆண்டுகளில் விபத்து நடந்த இடங்கள், போலீஸ் பதிவிலிருந்து எடுத்தவை என்றார். பாலத்து வளைவில் புள்ளிகள் கொத்தாக இருந்தன. அதனால் அந்த வளைவை நேராக்கி, வாய்க்கால் ஓரம் இரும்புத் தடுப்பு வைப்பதுதான் திட்டத்தில் முதல் வேலை என்றார். பனைமரத்துப் பக்கம் ஒரு புள்ளியும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

அவரவர் எழுந்து பேசினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை கேட்டார்கள். கோயில் முகப்பைத் தொடக்கூடாது என்று ஒருவர் சத்தம் போட்டார். கொட்டகைக்காரப் பெரியவர் மைக்கை வாங்கி, பேச்சு வராமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவரின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் கை தூக்கியபோது திரும்பிப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

நான் மைக் வாங்கவில்லை. நேரே வரைபடத்தின் அருகில் போனேன். வளைவில் இருந்த புள்ளிகளில் ஒன்றைக் காட்டி, "மேடம், இதுல ஒண்ணு என் வீட்டுக்காரர். ஆனா அவர் இங்க விழல" என்றேன். பனைமரத்து இடத்தில் விரலை வைத்தேன். "இங்க விழுந்தார்."

இன்ஜினியர் சற்றுத் திகைத்துப்போனார். பிறகு பக்கத்தில் வந்து, பதிவில் வளைவு என்றுதானே இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம், பதிவு தப்பு என்றேன். அது நேரான இடமாயிற்றே, எதில் மோதி விழுந்தார் என்று கேட்டார். நான் வரைபடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. சீட்டாட்டத்துக்கே உரக்கச் சண்டை போடுகிற ஆட்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னைவிடச் சில வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் இருக்கிற ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகப் பயிர் செய்துகொண்டிருந்தார். கணவர் இல்லை, பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில். முன்பெல்லாம் உழவர் சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் நாட்களில் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவார். என் கணவர் சாவுக்குப் பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்தால் பின்னால் போய்விடுவார். தாலி இல்லாதவள் பக்கத்தில் உட்கார அவருக்கும் தயக்கமோ, அவரும் அப்படித்தானே என்று எனக்குள் கசப்பாக நினைத்ததுண்டு.

"நெல்லு மேல ஏறி விழுந்தாரு. கல்லு வச்சிருந்துச்சு" என்றார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "அது என் நெல்லு. நான் வச்ச கல்லு."

மச்சான் எழுந்து, "நீ ஏன்மா இப்ப" என்று ஆரம்பித்தார். அந்த அக்கா அவரைக் கையமர்த்தினார். "நீங்க எனக்காகச் சொன்னது போதும், அண்ணே. இத்தனை நாளா இவங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல."

அதற்குப் பிறகு அவர் பேசியதை இன்ஜினியரின் உதவியாளர் எழுதிக்கொண்டார். அன்று கொள்முதல் நிலையத்தில் இரண்டாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்றார். காயவைக்க வேறு இடம் இல்லை என்றார். சாலையை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாக்குங்கள், ஆனால் எங்களுக்கு ஒரு களம் போட்டுக் கொடுக்காவிட்டால் அகலமான சாலையிலும் நெல்தான் கிடக்கும், அதிலும் ஆள் விழுவார்கள் என்றார். பனைமரத்துக்கு எதிரே புறம்போக்கு கிடக்கிறதே, அதில் சிமெண்ட் போட்டால் போதும் என்றார். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தார்.

இன்ஜினியர் தன் பேனாவால் வளைவிலிருந்த ஒரு புள்ளியை அடித்துவிட்டு, பனைமரத்து இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். புறம்போக்கில் ஒரு கட்டம் போட்டு, 'களம்' என்று எழுதினார். நாற்காலி தேடி உட்கார்ந்தேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மன்னித்துவிட்டாயா என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு என் மனதில் அப்படி ஒன்றும் இல்லை. கோபம்தான் இருந்தது; அதுவும் அந்த அக்கா மேலே இல்லை, மச்சான் மேலே. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டு, வண்டிய நான்தான் டிராக்டர்ல போட்டு வளைவுக்குக் கொண்டுபோனேன்" என்றார். "கேஸாயிட்டா அந்தப் பொம்பள என்ன பண்ணும்? அது ஒண்டி ஆளு." வண்டியின் கைப்பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "பக்கத்துக் குவியல் என்னுது. அதுலயும் கல்லு இருந்துச்சு. அவன் அதுல விழுந்திருந்தா?" என்றார்.

மகள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தவள் சத்தத்தை நிறுத்தியிருந்தாள். மச்சான் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். புகார் கொடுக்கப்போகிறாயா என்று ஊரில் சிலர் ஜாடையாகக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கொடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

களத்துக்கான அலைச்சல் அதன்பிறகுதான் தொடங்கியது. அந்த அக்கா மறுவாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். களம் விஷயமாக அலுவலகத்துக்குப் போகிறேன், எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது, கூட வருகிறீர்களா என்றார். முன்பு வா போ என்று பேசியவர் இப்போது வாங்க போங்க என்றார். போனோம். சாலை அலுவலகத்தில் அந்த இன்ஜினியர் எங்களை உட்காரவைத்து, மேலே எழுதியிருக்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோது, களம் என்பது சாலைக்குள் வராது, அது வேறு துறை என்று பதில் வந்திருப்பதாகச் சொன்னார். அந்த வேறு துறைக்குப் போனோம். புறம்போக்கு யார் பெயரில் இருக்கிறது என்று தாசில்தார் ஆபீஸில் கேட்டு வரச்சொன்னார்கள். அங்கே வாய்க்கால் கரை என்பதால் பாசனப் பிரிவின் சம்மதம் வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் வரிசையில் நின்றோம். யாரும் எங்களை விரட்டவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தின் பெயரைச் சொன்னார்கள்.

அந்தப் பயணங்களில் நாங்கள் என் கணவரைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, திரும்பி வருகிற பஸ்ஸில், பனைமரம் தாண்டும்போது அந்த அக்கா என் பக்கம் திரும்பாமல், "நான்தான் அவர் தலைய மடியில வச்சிருந்தேன், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்" என்றார். "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். "தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க." இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் இரண்டு பேரும் எழவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்து எங்களைக் கூப்பிட்டார்.

வேலை தொடங்கியதும் முதலில் மரங்கள் போயின. பனைகளை ஜேசிபி தள்ளியது. சிவப்புக் கோட்டுக்குள் இருந்த மாட்டுக்கொட்டகையைப் பெரியவரே ஆள் வைத்துப் பிரித்துக்கொண்டார். வளைவு நேரானது. வாய்க்கால் ஓரம் இரும்புத் தடுப்பு வந்தது. வெள்ளைக்கோடு போட்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் பொத்தான்களைத் தரையில் பதித்தார்கள். நிழற்குடையும் வேகத்தடையும் கேட்டபடியே கிடைத்தன. ஓரத்தில் அகலமாகத் தார் போட்டு, இருசக்கர வண்டிக்கு என்று விட்டிருந்தார்கள். பனை நின்ற நேர்ச்சாலையில் ஒரு மஞ்சள் பலகை நட்டார்கள்: சாலையில் தானியம் உலர்த்தாதீர். புறம்போக்கில் மட்டும் கருவேலம் அப்படியே நின்றது.

இன்ஜினியருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. போவதற்கு முன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "நீங்க புள்ளிய மாத்தலன்னா அந்த ஓரப்பாதை அங்க வந்திருக்காது, மேடம். அதாச்சும் கிடைச்சுது" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் உண்மையானதுதான். அவரை ஆறுதல்படுத்துகிற மாதிரி ஏதோ சொல்லி வைத்தேன்.

புதுச் சாலையில் முதல் சம்பா அறுவடை வந்தது. ஓரப்பாதை புதுத் தார், வழவழவென்று, நல்ல சூடு. அறுப்பு தொடங்கிய அன்றே அதில் நெல்லைப் பரப்பிவிட்டார்கள். மஞ்சள் பலகையின் காலில் தார்ப்பாயின் ஒரு முனையைக் கட்டியிருந்தார்கள். இருசக்கர வண்டிகள் மறுபடி நடுச்சாலைக்கு ஏறின. அங்கே இப்போது எல்லா வண்டிகளும் முன்னைவிட வேகம்.

அந்த அக்கா மட்டும் சாலையில் போடவில்லை. தன் வாசலிலும் கோயில் பின்புறத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினார். இடம் போதவில்லை. மெஷின்காரன் கொட்டிவிட்டுப் போன குவியல் வயலோரம் தார்ப்பாய்க்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் போய், எங்கள் மாடியில் போடுங்கள் என்றேன். அந்த மாடி என் கணவர் ஆசையாகக் கட்டியது; மேலே இன்னொரு அறை எடுப்பதற்காகக் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். அந்த அக்கா வேண்டாம் என்று பலமுறை சொன்னார். ஈரம் ஏறினால் முளைத்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு போட்டு மூட்டைகளை மேலே இழுத்தோம். மகளும் பிடித்தாள். கீழே மூட்டையைக் கட்டிக் கொடுத்தது மச்சான். கூப்பிடாமலே வந்திருந்தார். அந்த நெல்லை என் கணவர் கட்டிய தளத்தில் நாங்கள் பரப்பினோம். காலால் கிண்டிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தோம். நெல்லின் சுணை ஒட்டிக் கால் அரித்தது. இதே வயலின் பழைய போகம் ஒன்றுதான் அவரைக் கொன்றது என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு வந்தது, ஆனால் அது என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பரப்ப வேண்டிய மூட்டைகள் இன்னும் இருந்தன. மத்தியானம் எல்லாருக்கும் ரசம் சாதம் போட்டேன். அந்த அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹாலில் மாலை போட்டிருந்த என் கணவர் படத்துக்கு முதுகு காட்டி உட்காராமல், இடம் மாற்றிச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

மாடியில் ஏறியது தப்பித்தது. மிச்சத்துக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாரும் எதிர்பார்க்காமல் மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. வயலோரக் குவியலைத் திறந்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு, வெள்ளை வெள்ளையாக முளை. கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று அங்கே கொண்டுபோகாமலே தெரிந்தது. ஒரு கோழித்தீவன வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனார். சாலையில் போட்டவர்களுக்கு மழைக்கு முன்பே காய்ந்து நிலையத்துக்குப் போயிருந்தது. நீயும் சாலையிலேயே போட்டிருக்கலாமே, ஒரு விபத்து நடந்துவிட்டது என்பதற்காகக் காலம் முழுக்கவா என்று அந்த அக்காவிடம் நல்ல எண்ணத்தோடு சொன்னவர்கள் இருந்தார்கள். நிலத்துக்காரர் சென்னையிலிருந்து கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்றார்.

அந்த அக்கா சித்திரையில் திருப்பூருக்குப் போனார், பெண்ணிடம். பூதலூர் ஸ்டேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். இரண்டு பைகள், ஒரு சாக்கில் அரிசி. மாடியில் காய்ந்த நெல்லின் அரிசி என்றார். அதில் ஒரு பாதியை எனக்கென்று கட்டிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். ரயில் வரத் தாமதமானது. அங்கே போய் என்ன வேலை என்று கேட்டேன். பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையாம், உட்கார்ந்துகொண்டே செய்யலாமாம் என்றார்.

"உக்காந்து வேலை பாத்துப் பழக்கமில்ல" என்றார். "பாப்போம்."

ரயில் வந்ததும் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தேன். ஜன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்தார். வண்டி நகர்ந்தபின்தான் கையை விட்டார். போன பின் வந்த முதல் பொங்கலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அதற்கடுத்து அந்த எண் போகவில்லை. மச்சானிடம் புது எண் இருக்கலாம். கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், தள்ளிப்போகிறது.

அரிசியை நான் கொஞ்ச நாள் தொடவில்லை. பிறகு வண்டு விழ ஆரம்பித்ததால் புடைத்துச் சமைத்தேன். நல்ல அரிசி, பொலபொலவென்று வெந்தது. மகள் என்ன அரிசி என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். தஞ்சாவூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பஸ் நேரத்துக்கு வருவதில்லை, ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடு, சாலைதான் இப்போது நன்றாக இருக்கிறதே என்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று மச்சான் ஒரு ஸ்கூட்டியை இரவல் வாங்கிவந்து அவளைத் தெருவில் வைத்து ஓட்டப் பழக்கினார். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார், மூச்சு வாங்கியது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. அவள் அவர் கையை விலக்கிவிட்டுத் தனியாகத் தெருமுனைவரை போய், அங்கே திருப்பத் தெரியாமல் காலை ஊன்றி நின்றாள்.